சிவப்பு நூல் போட்ட கிளி

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் மொட்டை மாடியின் கொடிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. சலவைக்கடைக்காரர் வீட்டில் அப்படித்தான். வெயில் வந்துவிட்டால் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடுவார்கள். அந்தப் பருவத்தில் வெயில் என்பது யாரோ கைமாற்றாகக் கொடுத்துவிட்டு உடனே திருப்பிக் கேட்கிற பொருள் போல இருந்தது.

கடைக்காரரின் தங்கை, விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்பை உதறிப் போட்டபோது, அடுத்த கொடியில் தொங்கிய விரிப்பின் மறுபக்கம் ஒரு நிழல் தெரிந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். எந்த நிழலைப் பார்த்தாலும் முதலில் அதை ஓர் ஆளாக நினைத்துப் பயந்து, பிறகுதான் அதன் அளவைப் பார்ப்பது இப்போதெல்லாம் அவளுக்கு வழக்கமாகியிருந்தது. இது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். தெப்பலாக நனைந்த ஒரு சாம்பல் நிறப் பறவை. வால் மட்டும் சிவப்பு. தலையைச் சாய்த்து, வெளிறிய மஞ்சள் கண்ணால் அவளைப் பார்த்தது. பறக்கவில்லை. பறக்க முடியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

"அண்ணி!" என்று படிக்கட்டில் குரலைத் தணித்துக் கூப்பிட்டாள். "கொஞ்சம் மேல வாங்களேன்."

அண்ணி ஈரக்கையோடு வந்து பார்த்தாள். "தொடாத பாப்பா. என்ன ஏதுன்னு தெரியாம கை வைக்காத."

நாற்பதை நெருங்கும் அவளை அந்த வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"கிளி அண்ணி."

"கிளின்னா பச்சையா இல்ல இருக்கும்?"

பின்னால் வந்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கிளிதான். எவனோ வெளுக்கத் தெரியாதவன் சோடா உப்பை அள்ளிப் போட்டுட்டான்."

"சிரிங்க, நல்லா சிரிங்க. இத்தனை மாடி இருக்கையில நம்ம மாடிக்கு ஏன் வரணும்? யாராவது அனுப்பி வச்சிருப்பாங்க."

"கிளியையா?"

"ஏன், அவன் செய்ய மாட்டானா?"

அவன் என்றால் அந்த வீட்டில் ஒரே ஓர் ஆள்தான். பாப்பாவின் கணவன். லாரி ஓட்டுகிறவன். கோடையில் ஒரு நாள் காலை பாப்பா கைப்பை ஒன்றோடு வந்து நின்றாள். வலது மணிக்கட்டில் கட்டு. யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு அவன் வந்து பக்கவாட்டுக் கதவை உதைத்துக் கத்தினான். இன்னொரு முறையும் வந்தான். அதற்கப்புறம் அந்தக் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வைத்தார்கள். தட்டினது சோப்புத்தூள்காரனாக இருந்தாலும், துணி எடுக்க வந்தவராக இருந்தாலும், உள்ளிருந்து கேள்வி போகும், பதில் வரும், பிறகுதான் தாழ்ப்பாள். பாப்பா தெருவில் கால் வைக்கவே இல்லை. மாடிதான் அவளுக்கு வெளி. உட்கார்ந்தால் கதவைப் பார்த்துத்தான் உட்காருவாள், சாப்பிடும்போதுகூட.

பறவையைப் பிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. துணியோடு புழங்குகிற கைகள். பாப்பா ஒரு பழைய துவாலையை எடுத்து, கொடியில் துணி போடுவதுபோலவே மெல்ல அதன் மேல் போட்டு, அள்ளி மார்போடு வைத்துக்கொண்டாள். துவாலைக்குள் இதயம் தையல் மிஷின் ஊசி மாதிரி ஓடியது.

கால்நடை மருத்துவரிடம் அண்ணன்தான் கூடையில் வைத்துக் கொண்டுபோனார். மருத்துவர் அதன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"வீட்ல வளர்ந்தது. கால்ல வளையம் பாருங்க. எழுத்து தேஞ்சு போயிருக்கு, படிக்க முடியல. வெளிய இரை தேடத் தெரியாம பட்டினி கிடந்திருக்கு. நெஞ்செலும்பு கத்தி மாதிரி நிக்குது."

"பிழைக்குமா டாக்டர்?"

"கதகதப்பா வச்சா பிழைக்கும். ஆனா உங்க கடைப் பக்கம் வேண்டாம். இஸ்திரிப் புகை, பிளீச்சிங் நெடி, ரெண்டும் இதுக்கு விஷம். காத்தோட்டமா ஒரு அறை, ஆனா நேரா காத்து அடிக்கக் கூடாது. வேகவச்ச சோளம், கீரை, ஆப்பிள். ஆப்பிள்ல கொட்டைய எடுத்துடுங்க. உப்பு, டீ, சாக்லேட், எதுவும் ஆகாது. தொட்டா கையைக் கழுவுங்க. அப்புறம் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க. எல்லாத்தையும் எழுதிடாதீங்க. ஏதாவது ஒரு அடையாளத்தை மறைச்சு வச்சு, வர்றவங்ககிட்ட கேளுங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை எங்களுக்குச் சொல்லித் தரணுமா? எங்க பொழப்பே அதானே."

அது உண்மைதான். கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் கழுத்துப்பட்டிக்கு உள்ளே சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவார்கள். ஆளுக்கொரு தினுசு. வெளுத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கும்போது அந்த நூலை வெட்டிவிடுவார்கள். சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர் பொருளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அடையாளம் சொல்ல வேண்டும்: எந்தப் பொத்தான் மாற்றுப் பொத்தான், எங்கே மைக்கறை, உள்துணி எங்கே கிழிந்திருக்கிறது. முன்னொரு காலத்தில், பார்க்கக் கண்ணியமான ஒருவரின் பேச்சில் மயங்கி, ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து விரித்துக் காட்டினார்கள்; அவரும் "இதேதான்" என்று வாங்கிப் போய்விட்டார். மறுநாள் உண்மையான சொந்தக்காரர் வந்து நின்ற கோலத்தை அண்ணி இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து முதலில் அடையாளம், பிறகுதான் பொருள். கடவுளே வந்து கேட்டாலும் இதுதான் என்பாள்.

நோட்டீஸ் உடனே போகவில்லை. அண்ணி விடவில்லை.

"சாகக் கிடக்குற பறவையக் காட்டினா, நீங்கதான் கொன்னீங்கன்னு நம்ம தலையில கட்டுவாங்க. முதல்ல தேறட்டும்."

பக்கவாட்டுக் கதவை ஒட்டி, கடைப் புகை எட்டாத இடத்தில், முன்பு துணிக்கட்டுகள் போட்டு வைத்த சின்ன அறைதான் பாப்பாவின் அறை. அங்கே பழைய கூண்டு ஒன்று ஏறியது. இரவில் பாதிக் கூண்டைப் போர்வையால் மூடினாள். சோள மணிகளைத் தோலுரித்துக் கையில் வைத்துக் காத்திருந்தாள். முதலில் அது தின்னவில்லை, அவளையே பார்த்தது. அவளும் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்தாள். யார் முதலில் நம்புவது என்று இரண்டு பேரும் போட்டி போட்டதுபோல் இருந்தது. ஒரு மத்தியானம் அது கழுத்தை நீட்டி ஒரே ஒரு மணியை எடுத்துக்கொண்டது.

உடம்பு தேறத் தேற அதற்கு ஒரு பழக்கம் இருப்பது தெரிந்தது. அவள் திரையை இழுக்கக் கையைத் தூக்கினால் அதுவும் இடது காலைத் தூக்கும். விரல்களை மூடும், திறக்கும், மூடும். சோம்பல் முறிக்கிறது என்று நினைத்தாள். பிறகு விளையாட்டாக அவளும் கையை மூடித் திறந்து காட்டினாள். பறவை அப்போது தலையைக் குலுக்கிய குலுக்கலில் அவள் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இருப்பதாகவும் தோன்றவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், அண்ணி முழங்கையால் பக்கவாட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு கையிலும் வாளி. உள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு? யாரு அது?"

"நான்தான், தெற."

"யாரு? யாரு அது?"

"அட, நான்தான் பாப்பா!"

தாழ்ப்பாள் திறந்தது. பாப்பா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "நான் வாயே தெறக்கல அண்ணி."

மூன்று பேரும் கூண்டைச் சுற்றி நின்றார்கள். கிளி இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"உடம்பு தேறவும் பேச்சு வந்துடுச்சு," என்றார் அண்ணன். "பழைய வீட்டுப் பேச்சு."

"பொம்பளக் குரல்," என்றாள் அண்ணி.

"ஆமா. கரகரன்னு, ஒரு மாதிரி பயந்த குரல்."

அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு யோசித்தாள். "தனியா இருக்குற பொம்பளையா இருக்கும். யாரையும் நம்பாது. சரியான சந்தேகப் பிராணி. பாவம், இந்தக் கிளி அந்த வீட்ல எத்தனை தடவை கேட்டிருந்தா இப்படி அச்சு மாறாம சொல்லும்! அப்படியும் ஒரு பொழப்பா?"

மூன்று பேரும் அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக வருத்தப்பட்டார்கள். அன்றைக்கே அடையாளம் முடிவாயிற்று: கிளி என்ன பேசும் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கூண்டு.

'பறவை கிடைத்திருக்கிறது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்' என்று கடை வாசலில் ஒட்டினார்கள்.

முதலில் பேருந்து நடத்துநர் ஒருவர் வந்தார். "பேசுமாவா? என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! காலையில எழுந்ததும் வணக்கம் சொல்லும். எனக்கு டிக்கெட் கிழிச்சுக் கொடுக்கும்."

"என்ன நிறம்?"

"பச்சை."

"உங்களுது வேற ரூட்டுல போயிருக்கும், போய்ப் பாருங்க," என்றாள் அண்ணி.

பெரிய கைப்பையோடு ஒரு பெண் வந்தாள். தன்னுடைய கிளி தூங்கவைக்கிற பாட்டு முழுவதையும் பாடும் என்றாள். அதைப் பாடியும் காட்டினாள். சுருதி சேரவில்லை. அண்ணன் அவளைக் கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

மூன்றாவதாக வந்தவன் கிளியைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. "வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க? உள்ள வந்து பார்க்கலாமா?" என்று அண்ணியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"உள்ள என்ன கண்காட்சியா நடக்குது? அடையாளத்தைச் சொல்லு."

"பார்த்தாதானே சொல்ல முடியும்?"

"சொன்னாதான் பார்க்க முடியும். கிளம்பு."

அவன் தெருமுனையில் நின்று யாருடனோ போனில் பேசிவிட்டுப் போனான். அவன் லாரிக்காரனின் ஆளா, சும்மா வந்தவனா, யாருக்கும் தெரியவில்லை. அண்ணி மட்டும் லாரிக்காரனின் ஆள்தான் என்று சத்தியம் செய்தாள். "பார்த்தீங்களா, நான் அன்னைக்கே சொல்லல?" அன்று பாப்பா சாப்பிடவில்லை. கட்டிலைக் கதவின் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். கிளி கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி அவளைப் பார்த்தது.

அதன் பிறகு ஒரு காலையில் இரண்டு ஆண்கள் வந்தார்கள். ஒருவர் தச்சர், சட்டைப் பையில் பென்சில், புருவத்திலெல்லாம் மரத்தூள். பேசியது அவருடைய தம்பி.

"எங்கண்ணன் வளர்த்த கிளிங்க. சாம்பல் நிறம், சிவப்பு வால், கால்ல வளையம். மழை ஆரம்பிக்கையில பறந்துடுச்சு. அப்பவே தேடாத இடமில்ல. இப்பதான் யாரோ நோட்டீஸைச் சொன்னாங்க."

அண்ணி முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நிறத்தையும் வளையத்தையும் மருத்துவர் வீட்டில் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

"என்ன பேசும்?"

"பேசாதுங்க."

"பேசாதா?"

"அண்ணனுக்குக் காது கேக்காது, பேச்சும் கிடையாது. தனியா இருக்காரு. அந்த வீட்ல அதுக்கு யாரு பேச்சுச் சொல்லித் தருவா?"

அண்ணியும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப இது உங்களுது இல்ல," என்றார் அண்ணன், கொஞ்சம் வருத்தமாகவே. "எங்ககிட்ட இருக்குறது நல்லா பேசுது."

"ஒரு தடவை பார்த்துடறோமே."

"அடையாளம் சரியா வராம நாங்க காட்டறதில்ல தம்பி. கடை வழக்கம்."

தம்பி சைகையில் விஷயத்தைச் சொன்னார். தச்சர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வேகமாகக் கையை உயர்த்தி, விரல்களை மூடித் திறந்து மூடிக் காட்டினார். நெஞ்சைத் தொட்டார். மறுபடியும் கையை உயர்த்தினார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அண்ணி.

தம்பிக்குச் சலித்துவிட்டது. "விடுங்க. அதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு. தன்னோடதுதான்னு. ஒருவேளை மனசு மாறினா சொல்லி அனுப்புங்க. மரவாடித் தெரு, கடைசி வீடு, நீலக் கதவு."

திரைக்குப் பின்னால் நின்றிருந்த பாப்பா அந்தக் கையைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கூண்டில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, அங்கே ஒரு கால் தூக்கியிருக்கும் என்று.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. பேசுகிற கிளி, பேசாத கிளி. அண்ணன் சொன்ன நியாயம் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொண்டே போர்வைகளை மடித்தாள். மடிப்பு கோணலாகப் போயிற்று. பிரித்து மறுபடியும் மடித்தாள். இந்த அறையில் தன்னைப் பார்த்து முகத்தில் கேள்வி இல்லாமல் இருப்பது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு இந்தச் சுவர்களோடு என்ன செய்வது?

"நல்லா நடிச்சானுங்க," என்றாள் அண்ணி சாயங்காலம், டீயை ஆற்றிக்கொண்டே. "காது கேக்காதாம். யாரு கண்டா?"

"மரத்தூள்கூட நடிப்பா?" என்றார் அண்ணன்.

"ஏன், ஒரு பிடி அள்ளித் தலையில போட்டுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

பாப்பா தன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

சில நாட்கள் போயின. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மூன்று பேரும் சின்ன அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டுக் கதவில் தட்டல். யாரும் வாய் திறக்கும் முன்பே உள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு? யாரு அது?"

அண்ணி சிரித்தாள். "நமக்கு வேலை மிச்சம்."

"கதவத் தெறக்காதீங்க அண்ணி," என்றது கிளி. "தெறக்காதீங்க அண்ணி. அவரா இருக்கும்."

வெளியே சோப்புத்தூள்காரன், "நான்தாங்க, மூட்டை வந்திருக்கு," என்று கத்தினான். யாரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணனின் கை தட்டிலேயே நின்றது. அண்ணி பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா கூண்டைப் பார்த்தாள். கரகரத்த, பயந்த குரல். தன் குரல் வெளியே இருந்து கேட்டால் இப்படித்தான் இருக்குமா? எத்தனை தடவை கேட்டிருந்தால்!

"அப்ப அந்தப் பொம்பள..." என்று ஆரம்பித்த அண்ணி நிறுத்திக்கொண்டாள். வாய்க்குள் இருந்ததை விழுங்கிவிட்டு, "எனக்கு அப்படி ஒண்ணும் குரல் இல்ல," என்றாள், யாரும் கேட்காமலே.

"உங்களுது இல்ல அண்ணி. என்னுது," என்றாள் பாப்பா. "நாம போட்ட சிவப்பு நூலு. அதை வச்சுக்கிட்டு வர்றவங்ககிட்ட எல்லாம் அடையாளம் கேட்டிருக்கோம்."

சோப்புத்தூள்காரன் மறுபடியும் தட்டினான். அண்ணன் எழுந்துபோய் எதுவும் கேட்காமல் கதவைத் திறந்து, மூட்டையை வாங்கி வைத்துவிட்டு வந்தார்.

"அந்தத் தச்சர் கையைக் காட்டினாரே," என்று பாப்பா தொடர்ந்தாள். "அதையேதான் இது காலைத் தூக்கி எனக்குக் காட்டும். அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்."

அண்ணி தன் தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு, "சரி, விடு. உங்கண்ணன் நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுவாரு," என்றாள்.

"நானே போறேன்."

"நீயா? தனியாவா? எங்கயாவது அவன் நின்னா?"

"நின்னா நிக்கட்டும்."

"ஏங்க, நீங்க சொல்லுங்களேன்!"

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். "கூடைக்கு மேல கனமான துணி போடாத பாப்பா," என்றார். "மூச்சு முட்டும்."

செருப்பு பரணில் இருந்தது. தூசி தட்டிப் போட்டுக்கொண்டபோது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அண்ணி வாசல் வரை வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, பிறகுதான் வழிவிட்டாள்.

தெரு அவள் நினைத்து வைத்திருந்ததைவிட அகலமாக இருந்தது. வெயில் முழுசாக அடித்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை என்பதே சந்தேகமாக இருந்தது. வேண்டுமென்றே பார்க்காத மாதிரி இருக்கிறார்களோ? சைக்கிள் கடையில் ஒருவன் தலையைத் தூக்கினான், திரும்பக் குனிந்துகொண்டான். பெரிய சாலையில் ஒரு லாரி திரும்பியது. அவள் கூடையோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். அதை ஓட்டி வந்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒரு முதியவர். லாரி கடந்துபோன பிறகும் சுவரின் சூடு முதுகில் இருந்தது. கூடைக்குள் கிளி நகர்ந்து உட்கார்ந்தது. "ஒண்ணுமில்ல," என்றாள் அதனிடம்.

மரவாடித் தெருவின் கடைசியில் நீலக் கதவு இருந்தது. தட்டினாள்.

"யாரு? யாரு அது?" என்றது கூடை.

அவள் குனிந்து கூடையைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை வெளியே நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. பதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். பிறகு, காது கேட்காதவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது உறைத்தது. கதவைத் தள்ளினாள். அது திறந்துதான் கிடந்தது. தாழ்ப்பாள் எங்கே என்று பார்த்தாள். அந்தக் கதவில் தாழ்ப்பாளே இல்லை.

உள்ளே மரச்சுருள் தரையெல்லாம் கிடந்தது. தச்சர் அவளுக்கு முதுகைக் காட்டியபடி இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு வெற்றுக் கூண்டு. அதன் கிண்ணத்தில் இருந்த தண்ணீர் அன்றைக்கு மாற்றிய தண்ணீராக இருந்தது.

வாசல் வெளிச்சம் தரையில் மாறியதைக் கண்டு அவர் திரும்பினார். அவள் துணியை விலக்கினாள்.

கிளி அவரைப் பார்த்தது. இடது காலைத் தூக்கியது. மூடித் திறந்து மூடியது. தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். அவசரத்தில் விரல்கள் பாதிதான் மூடின. கிளி இன்னொரு தடவை, பொறுமையாக, செய்து காட்டியது.

கூண்டில் ஏறி உட்கார்ந்ததும் அது உரக்கச் சொன்னது: "கதவத் தெறக்காதீங்க அண்ணி. அவரா இருக்கும்."

அலகு அசைவதைத் தச்சர் பார்த்துவிட்டார். ஆச்சரியத்தோடு அலகைச் சுட்டி, காதைத் தொட்டு, அவள் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். என்ன சொல்கிறது?

அவள் யோசித்தாள். பிறகு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கையைத் தூக்கி, விரல்களை மூடித் திறந்து மூடினாள்.

அவர் சிரித்தார். மரத்தூளைத் துண்டால் தட்டிவிட்டு ஒரு முக்காலியைக் கூண்டைப் பார்த்தபடி போட்டார். பின்னால் கதவு விரியத் திறந்து கிடந்தது. தெருவில் யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கூடையைக் கீழே வைத்தாள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.